ஒரு வார முகாமுக்காக அவசர அறுவைப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய அறவாரியத் தலைவர் அவர்களுக்கும் மருத்துவக் குழு உறுப்பினர்களுக்கும்,

நிபுணர் அல்லாத மருத்துவர்களான மருத்துவ அதிகாரிகளுக்காகப் பினாங்கில் நீங்கள் நடத்திவந்த அவசர அறுவை சிகிச்சைப் பயிற்சியை இந்த ஆண்டோடு நிறுத்த முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தப் பணம் இனி வெளிநாட்டு அறுவை முகாம்களுக்குப் போகும் என்றும் அறிவித்துவிட்டீர்கள். உறுப்பினர்களுக்கு வந்த சுற்றறிக்கையில் மூன்று காரணங்கள் இருந்தன. நிபுணர் அல்லாதவர்களைக் கத்தி பிடிக்க ஊக்குவிப்பது ஆபத்து; பயிற்சியின் பலனை நன்கொடையாளர்களிடம் எண்ணிக்கையாகக் காட்ட முடியவில்லை; முகாம் என்றால் ஒரே வாரத்தில் நிறைய பேருக்குச் சிகிச்சை கொடுத்துவிடலாம். இந்த மூன்றையும் நான் ஏற்கவில்லை. நான் அந்தப் பயிற்சியில் படித்தவள். படித்ததை வைத்துச் சபா மாநிலத்தின் உள்பகுதியில் வேலை பார்த்தவள். உங்கள் முகாம் ஒன்றுக்கும் உடன் வந்தவள். முதலில் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இப்போது எழுதுகிறேன்.

உங்கள் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருப்பதால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவை சிகிச்சை ஆணையம், ஒரு மாவட்ட மருத்துவமனையின் தகுதியை அளக்க மூன்று அறுவைகளை எடுத்துக்கொண்டது. ஒன்று சிசேரியன். அடுத்தது வயிற்றைத் திறந்து செய்யும் லேப்பரோட்டமி. மூன்றாவது, தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்த முறிவுக்கான சிகிச்சை. இந்த மூன்றையும் செய்யத் தெரிந்த இடத்துக்கு ஒரு நோயாளி இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும் என்றார்கள். உலகத்தில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை, ஆண்டுக்கு இன்னும் 14 கோடியே 30 லட்சம் அறுவைகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்பதும் அவர்கள் கணக்குதான். அதே ஆண்டு உலகச் சுகாதார மாநாடு, அவசர அறுவை சிகிச்சையும் மயக்க மருந்துச் சேவையும் அனைவருக்குமான மருத்துவத்தின் ஒரு பகுதியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

அந்த மூன்றில் எது முகாம் தேதிவரை காத்திருக்கும்? குழந்தை குறுக்கே கிடக்கும் தாயிடம், பினாங்கிலிருந்து குழு வரும் வரை பொறுத்துக்கொள் என்று யாரால் சொல்ல முடியும்?

நான் வேலை பார்த்தது நிபுணர் இல்லாத ஒரு சிறிய மருத்துவமனை. நிபுணர்கள் இருக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸில் மலைச்சாலை வழியாகப் போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அப்படி ஒரு மழை இரவில் ஒரு பெண்ணைக் கம்பம் ஒன்றிலிருந்து, அதாவது சிற்றூரிலிருந்து, பிக்கப் வண்டியின் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. மேல் இரத்த அழுத்தம் 70-ஐத் தாண்டவில்லை. சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் உறுதியானது. வயிற்றில் ஸ்கேன் வைத்ததும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, உள்ளே இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களிடம் ஓ நெகட்டிவ் இரத்தம் இரண்டு பைதான் இருந்தது. தொலைபேசியில் நிபுணரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாலையில் தாங்க மாட்டாள். நீங்களே திறங்கள். நான் லைனில் இருக்கிறேன்," என்றார்.

மயக்க மருந்தில் பயிற்சி எடுத்த மூத்த மருத்துவ அதிகாரி ஒருவர் அன்று பணியில் இருந்தது அந்தப் பெண்ணின் நல்ல காலம். அவர் கெட்டமின் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டார். நான் கீறினேன். வயிற்று உறையைத் திறந்ததும் இரத்தம் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. இரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. எங்கே பார்த்தாலும் சிவப்பு. அந்த இடத்தில் உங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற அறுவை மருத்துவரின் குரல் எனக்கு அப்படியே கேட்டது: "இரத்தத்தை உறிஞ்சிக்கிட்டு நிக்காதம்மா. கையை உள்ளே விடு, கர்ப்பப்பையைத் தேடு, பிடிச்சு மேலே தூக்கு. ஓட்டை தானா வெளியே வரும்." கையை விட்டேன். கர்ப்பப்பை உள்ளங்கையில் அடங்கியது. தூக்கியதும் வலப்பக்கக் கருக்குழாய் கிழிந்து வடிவது கண்ணுக்குத் தெரிந்தது. கிளாம்ப் போட்டேன். இரத்தம் நின்றது. அதற்கப்புறம் செய்தது எல்லாம் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை: குழாயை வெட்டிக் கட்டுவது, கழுவுவது, துணிகளை எண்ணுவது, மூடுவது. சாலை திறந்ததும் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிறகு தன் காலால் நடந்து வந்து எங்கள் வார்டில் எல்லோருக்கும் பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரவு நான் செய்தது சாதனை என்று சொல்ல வரவில்லை. சொல்லிக்கொடுத்தால் யாராலும் செய்ய முடிகிற வேலை என்பதற்காகத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வேறொரு மாவட்டத்தில் இருந்த என் தோழி, பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயோடு ஆம்புலன்ஸில் போனாள். எல்லா மருந்தும் கொடுத்தாகிவிட்டது. வழி முழுவதும் கையால் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். தாய் பாதி வழியில் போய்விட்டார். ஆணுறையை ரப்பர்க் குழாயின் நுனியில் நூலால் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து உப்புநீரால் நிரப்பினால் உள்ளிருந்தே அழுத்தம் கொடுக்கலாம் என்று அவளுக்கு யாரும் செய்துகாட்டியதில்லை. டாக்காவில் டாக்டர் சயேபா அக்தர் கண்டுபிடித்து 2003-இல் வெளியிட்ட முறை அது. தேவையான பொருள்கள் அந்த மருத்துவமனையின் அலமாரியிலேயே இருந்தன.

உங்கள் பயிற்சியில் நாங்கள் அதைக் கையால் செய்து பார்த்தோம். குழுவில் சிலர் அந்த வகுப்பை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். காலையிலேயே சந்தையிலிருந்து ஆட்டுக்குடல் வந்துவிடும். முஸ்லிம் மருத்துவர்களும் கூச்சமில்லாமல் தொட வேண்டும் என்பதற்காகப் பன்றி உறுப்பு எதுவும் வைக்க மாட்டார்கள். குடலை வெட்டி, இரண்டு முனைகளையும் தைத்து, உள்ளே தண்ணீர் ஏற்றிப் பார்ப்போம். எங்காவது ஒரு சொட்டு கசிந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். மாட்டுக்கால் எலும்பில் கையால் திருகும் துளைக்கருவியை வைத்துக் கம்பி ஏற்றி, வெளியே சட்டம் பூட்டுவோம். மின்கருவியில் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் டயதர்மியை அந்த மேசைப் பக்கமே விட மாட்டார்கள். எல்லாவற்றையும் நூலால் கட்டித்தான் பழக வேண்டும். நடுவில் ஒருவர் விளக்கை அணைத்துவிடுவார். கைவிளக்கு வெளிச்சத்தில் வேலை தொடரும். ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் நின்று, துணிக் கணக்கைச் சத்தமாகச் சொல்லாதவர்களை மூடவே விட மாட்டார்.

எதைத் தொடக் கூடாது என்பதற்கும் அங்கே பெரிய இடம் இருந்தது. கல்லீரல் கிழிந்திருந்தால் துணியை மடித்து அடைத்து, வயிற்றை அவசரமாக மூடி, நிபுணரிடம் அனுப்பு, தைக்கப் போகாதே. குடல் கிழிந்திருந்தால் கழிவு வெளியேறாமல் கட்டிவிட்டு நிறுத்து. உயிரைக் காப்பாற்றும் அளவுக்குச் செய், மீதியைத் தெரிந்தவரிடம் விடு. இதை ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிபுணர் அல்லாதவர் கண்டபடி கத்தி பிடிப்பார் என்று பயப்படும் உங்களுக்கு, அந்தப் பயத்தைத் தீர்க்கும் வகுப்பே இதுதான்.

சரி, ஆபத்து என்ற முதல் காரணத்துக்கு வருகிறேன். சிறிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவ அதிகாரிக்கு நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கதவைத் திறந்தால் யார் வருகிறாரோ அவரைப் பார்த்தாக வேண்டும். பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இரவில் அங்கே நிற்கப் போவது அதே மருத்துவ அதிகாரிதான். அவர் தயாராக நிற்கிறாரா, கை நடுங்க நிற்கிறாரா என்பது மட்டுமே உங்கள் கையில் இருந்தது. அதைத்தான் கைவிட்டிருக்கிறீர்கள்.

மருத்துவரே இல்லாத நாடுகள் இதைவிடப் பெரிய துணிச்சலோடு இறங்கியிருக்கின்றன. மொசாம்பிக் 1975-இல் விடுதலை பெற்றபோது போர்த்துக்கீசிய மருத்துவர்கள் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். 1984 முதல், மருத்துவப் பட்டம் இல்லாத சுகாதார ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு அறுவைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த சிசேரியன்களையும் நிபுணர்கள் செய்தவற்றையும் தலைநகர் மாபுட்டோவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருத்துவ ரீதியில் பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேற்று அறுவைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை அவர்களே செய்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் மாவட்டத்திலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்களில் அநேகமாக யாருமே அங்கே தங்கவில்லை. சியரா லியோனில் 2011 முதல் இதே போன்ற மூன்றாண்டுப் பயிற்சி நடக்கிறது. இப்படிப் பயிற்சி பெற்றவர்களைப் பற்றிப் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தாய்மார் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் காயத்தில் சீழ் பிடிப்பதும் தையல் பிரிவதும் கூடுதலாக இருந்தன. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சீழ் பிடிப்பதையும் தையல் பிரிவதையும் பயிற்சியால் குறைக்கலாம்.

நாம் கேட்பது அந்த அளவுக்குக்கூட இல்லை. எங்களிடம் மருத்துவப் பட்டம் இருக்கிறது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்த அரசு மருத்துவர்களுக்கு 16 வாரத்தில் அவசர மகப்பேற்றுச் சிகிச்சையும், 18 வாரத்தில் உயிர்காக்கும் மயக்க மருந்துத் திறனும் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டங்கள் வந்தன. பணத்துக்குக் குறைவில்லாத ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007 முதல், சிற்றூர்களுக்குப் போகும் பொது மருத்துவர்களுக்கு மகப்பேறு, மயக்க மருந்து போன்ற துறைகளில் கூடுதல் திறன் கொடுத்து அனுப்புகிறார்கள். தூரம் அதிகமான எந்த நாடும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

நம் நாட்டுக்கும் இது புதிது கிடையாது. என் பாட்டி வளர்ந்த தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர்தான். அதற்கு மேல் போனால் பக்கத்து ஊர் மாவட்ட மருத்துவமனை. அங்கிருந்த ஒற்றை மருத்துவரே சிசேரியனும் பார்ப்பார், குடல்வாலும் எடுப்பார், குடலிறக்கமும் தைப்பார். அந்தத் தலைமுறை மருத்துவர்கள் சிலர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நிபுணர்கள் பெருகினார்கள், சாலைகள் வந்தன, நல்லதுதான். ஆனால் மாவட்டத்து மருத்துவரின் கைக்கு இருந்த பழக்கம் போய்விட்டது. இன்று பட்டம் முடித்ததும் செய்யும் ஹவுஸ்மேன் பயிற்சிக் காலத்தில் அறுவைத் துறைக்குக் கிடைப்பது நான்கு மாதம். அதில் பெரும்பகுதி இரத்தம் எடுப்பதிலும் குறிப்பு எழுதுவதிலும் காயத்தை விரித்துவைக்கும் ரிட்ராக்டர் பிடிப்பதிலும் போகிறது. 2016 டிசம்பரில், மருத்துவர்களை நிரந்தரமாக எடுக்காமல் ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை வந்ததற்கப்புறம் சேர்ந்த எங்களில் பலருக்கு மேற்படிப்பு எப்போது கிடைக்கும் என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் உள்பகுதிகளுக்குப் போகிறார்கள். உங்கள் வகுப்பு எங்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை நீங்கள் கேட்டதே இல்லை.

எண்ணிக்கை காட்ட முடியவில்லை என்கிறீர்கள். நீங்கள் எண்ணவில்லை. பயிற்சி முடித்துப் போனவர்களிடம், நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்தாய் என்று ஒரு மின்னஞ்சல்கூட வந்ததில்லை.

முகாமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் உடன் வந்தது அண்டை நாட்டு மலைப்பகுதியில் நடந்த முகாமுக்கு. குழு கடுமையாக உழைத்தது, அதில் சந்தேகமே இல்லை. பல ஆண்டுகளாகக் குடலிறக்கத்தோடு சுமை தூக்கியவர்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த ஊர் மருத்துவமனையில் இரண்டு இளம் மருத்துவர்கள் இருந்தார்கள். வாரம் முழுவதும் அவர்கள் செய்தது நோயாளிகளை வரிசைப்படுத்துவதும் நமக்கு மொழிபெயர்ப்பதும்தான். மேசைக்குப் பக்கத்தில் கையுறையோடு நின்ற நேரம் மிகக் குறைவு. ஒரே நாளில் அதிகம் பேரை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. நாம் விமானம் ஏறிய பிறகு ஒருவருக்குக் காயம் சீழ் பிடித்தது. அதைத் திறந்து சுத்தம் செய்யும் துணிச்சல் அந்த இருவருக்கும் இல்லை. ஒருவர் எனக்குப் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டார். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் அவரை நம்மோடு நிற்க வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. குடலிறக்கத்தைச் சரிசெய்ய உள்ளே வைத்துத் தைக்கும் வணிக வலைக்கு இணையாக விலை குறைந்த கொசுவலைத் துணியே வேலை செய்கிறது என்பது உகாண்டாவில் நடந்த ஆய்வில் தெரிந்து, 2016-இல் வெளியானது. அதைக்கூட அந்த மருத்துவர்களிடம் நாம் பேசவில்லை. கொண்டுபோன விலையுயர்ந்த வலைகளைத் தைத்துத் தீர்த்துவிட்டு வந்தோம்.

முகாம்களை நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சியின் வாயிலிருந்து பிடுங்கி முகாமுக்கு ஊட்ட வேண்டாம் என்கிறேன்.

பயிற்சியிலும் குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாரக்கடைசி வகுப்பு யாரையும் அறுவை மருத்துவராக்கிவிடாது. எனக்கு அன்றிரவு கை ஓடியதற்கு வகுப்பு பாதிக் காரணம். மீதிக் காரணம், சபாவுக்கு மாதாமாதம் வந்துபோன நிபுணர் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சிசேரியன் செய்ய வைத்துப் பழக்கியது. ஆட்டுக்குடலில் கற்றுக்கொண்டதை மனித உடலில், தெரிந்தவர் எதிரில் நின்று பார்க்கப் பலமுறை செய்தால்தான் அது கையில் தங்கும். வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது. நீங்கள் திருத்தியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். முதலில், பயிற்சியை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். இந்த ஆண்டு வகுப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குத் தேதி கொடுங்கள். குழுவில் இருக்கும் அறுவை, மகப்பேறு, மயக்க மருந்து நிபுணர்கள், தாங்கள் வேலை செய்யும் மருத்துவமனை நிர்வாகங்களோடு பேசி, வகுப்பு முடித்தவர்கள் சில மாதங்களாவது கண்காணிப்பில் சிசேரியன், லேப்பரோட்டமி, திறந்த முறிவு ஆகியவற்றைச் செய்து பழக இடம் ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார், யார் பார்த்தார் என்பதற்குப் பதிவேடு இருக்கட்டும். போதிய அளவு செய்தவருக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள். ஆபத்து பற்றிய உங்கள் கவலைக்கு இதுவே சரியான பதில்.

உள்பகுதியில் இருப்பவர் எந்த நேரத்திலும் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும், எடுப்பதற்கு முறைவைத்து ஒரு நிபுணரும் வேண்டும். உங்களில் பலர் இதைத் தனிப்பட்ட முறையில் இப்போதே செய்கிறீர்கள். அதை அறவாரியத்தின் பொறுப்பாக்குங்கள்.

இனிமேல் எந்த முகாம் நடந்தாலும், ஒவ்வொரு அறுவை மேசையிலும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் கையுறை போட்டு நிற்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள். கடைசி நாள்களில் அவர் கீற, நம்மவர் உதவ வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். முகாம் முடிந்து 30 நாள் கழித்து நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை விசாரித்து, சீழ் பிடித்தவர்கள், திரும்பத் திறக்க வேண்டியிருந்தவர்கள் உட்பட எல்லாவற்றையும் ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்த அறுவைகளையும் அதே அறிக்கையில் சேருங்கள். நன்கொடையாளர்கள் கேட்கும் எண்ணிக்கை அங்கே கிடைக்கும்.

கடைசியாக, பயிற்சியைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்க வேண்டும். மாவட்டத்தில் வேலை பார்க்கும் மருத்துவ அதிகாரிகள் இருவரையும், தியேட்டர் தாதி ஒருவரையும், மருத்துவ உதவியாளர் ஒருவரையும் குழுவில் சேருங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கடிதத்தை வையுங்கள். நானும், என்னோடு படித்து இப்போது சபாவிலும் சரவாக்கிலும் இருக்கும் சிலரும் நேரிலோ இணையத்திலோ வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறோம். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், என்ன முடிவெடுத்தீர்கள், எந்தக் காரணத்தால் எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சியின் முன்னாள் மாணவி,
மருத்துவ அதிகாரி, புக்கிட் மெர்தாஜாம்